முதல் நாளே லீக்

பிரம்மநாயகி குத்துவிளக்கின் ஐந்து திரியையும் ஏற்றிவிட்டு நிமிர்வதற்குள் ஐந்தும் அணைந்துவிட்டன.

ஒர்க்‌ஷாப்பில் கூடியிருந்த யாரும் வாயைத் திறக்கவில்லை. ஞானம்பாள் அத்தை மட்டும் திறந்தாள். அவள் எங்கேயும் திறப்பவள்தான்.

"நான் அப்பவே சொன்னேன். தாலியறுத்தவ கையில தீப்பெட்டியக் குடுக்காதன்னேன். கேட்டானா இவன்?"

'இவன்' என்றது சிவசைலத்தை. வண்ணார்பேட்டை பைபாஸில் லாரிக்கும் காருக்கும் டயர் வேலை பார்க்கும் அந்த ஒர்க்‌ஷாப்பின் முதலாளி. பிரம்மநாயகி அவருடைய தங்கை. புருஷன் போனதிலிருந்து அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். கடை ஆபீசைப் பார்த்துக்கொள்கிறாள். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து டயருக்குப் பிடிக்க மிஷின் வந்திருக்கிறது, இந்தத் தொண்ணூற்றெட்டிலேயே வாங்கிப் போட்டால் சுற்றுவட்டாரத்தில் நாம்தான் முதல் ஆள் என்று அண்ணனைக் கரையாய்க் கரைத்தவளும் அவள்தான்.

அதனால்தான், "நீ விளக்கு ஏத்தலன்னா இந்த மிஷினே வேண்டாம்" என்று சிவசைலம் ஒற்றைக்காலில் நின்றார்.

 சகுனம் பார்க்காதவர் என்று ஊருக்குள் அவருக்குப் பெயர். ஆனாலும் கருகிப் புகைந்த திரியைப் பார்த்ததும் ஓரடி பின்னால் தள்ளி நின்றார்.

மாலையும் சந்தனமும் குங்குமமுமாக மிஷின் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

பிரம்மநாயகி தீப்பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்தாள்.

"நான் வீட்டுக்குப் போறேன் அண்ணே. மதினிய ஏத்தச் சொல்லுங்க. இனிமே நான் கடைப் பக்கம் வரல."

அவள் வாசலுக்குத் திரும்பியபோதுதான் மிஷினுக்குப் பின்னாலிருந்து ஸ்பானரும் கையுமாக ஜெர்வின் வந்தான். மிஷினைப் பொருத்துவதற்குக் கம்பெனி அனுப்பியிருந்த தூத்துக்குடிக்காரன். விடிந்ததிலிருந்து, "வேலை இன்னும் முடியல அண்ணாச்சி, கொஞ்சம் நேரம் குடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். "நல்ல நேரம் உமக்காவக் காத்துக் கெடக்காதுவே. மொதல்ல பூசை. மிச்சத்தப் பெறவு பாரும்" என்று சிவசைலம்தான் அவனை ஓரங்கட்டியிருந்தார்.

"அக்கா, போவாதீங்க. தப்பு என்மேல" என்றான் ஜெர்வின்.

"என்னவே தப்பு?" என்றார் சிவசைலம்.

"லீக் அண்ணாச்சி. பின்னால ஒரு நட்டைச் சரியா முறுக்காம விட்டுட்டேன். நைட்ரஜன் கசிஞ்சிட்டு. நைட்ரஜன்ல தீ நிக்காது. யார் ஏத்தியிருந்தாலும் அணைஞ்சிதான் போவும்."

"யாரு ஏத்தியிருந்தாலுமா?" அத்தை விடவில்லை.

"நீங்க ஏத்தியிருந்தாலுந்தாம்மா."

பின்னால் குனிந்து எதையோ நாலு முறுக்கு முறுக்கினான். எழுந்து வந்து, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டான்.

"இப்ப ஏத்துங்கக்கா."

பிரம்மநாயகி அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவள் குச்சியைக் கிழித்தாள். இந்தமுறை ஐந்து திரியும் பற்றிக்கொண்டு அசையாமல் எரிந்தன.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சூடம் காட்டியதும் முதல் ஆளாக வந்து திருநீறு பூசிக்கொண்டவளும் அவள்தான். பிரம்மநாயகி லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

எல்லாரும் பின்பக்கம் கேசரி, இட்லிக்கு நகர்ந்தார்கள். நிம்மதி வந்ததும் சிவசைலத்துக்குக் கோபம் வந்தது.

"என்ன வேலவே பாக்கீரு? மொதல் நாளே லீக்கா? உம்மால என் தங்கச்சி இத்தன பேருக்கு முன்னால கூனிக் குறுகி நின்னா. இப்பமே உம்ம கம்பெனிக்கு போன் போடுதேன்."

ஜெர்வின் முகம் வாடிவிட்டது. "சேந்து ரெண்டு மாசந்தான் ஆவுது அண்ணாச்சி" என்றான்.  கை கழுவப் போனான்.

சிவசைலம் ஆபீஸ் அறைக்குள் போய் மதுரைக்கு போன் போட்டார். மேனேஜரே எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் பதறிவிட்டார்.

"லீக்கா? அப்படி இருக்கவே கூடாது சார். கம்ப்ரஸர்ல இருந்து காத்து உள்ள போற பக்கமா, டயருக்கு வர்ற பக்கமா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. அவன் கவனக்குறைவுன்னா இன்னைக்கே ஆளைத் தூக்கிர்றேன்."

"இருங்க, பாத்துச் சொல்லுதேன்."

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு மிஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

கம்ப்ரஸர் குழாய் சுருட்டின சுருள் பிரிக்காமல் தரையில் கிடந்தது. அதை மாட்ட வேண்டிய மிஷினின் வாயில் கம்பெனி போட்டு அனுப்பிய சிவப்பு மூடி அப்படியே இருந்தது. மீட்டரில் முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. மிஷினுக்குள் இன்னும் காற்றே போகவில்லை. அப்புறம் நைட்ரஜன் எங்கேயிருந்து கசியும்?

பாதி இறங்கிய ஷட்டருக்கு அந்தப் பக்கம் ஆனி மாதக் காற்று ரோட்டுப் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது.

சிவசைலம் ஷட்டரையும் அசையாமல் எரிந்த விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பின்பக்கத்தில் பிரம்மநாயகி யாருக்கோ கேசரி வைத்துக்கொண்டு, "இந்த மிஷின் எப்படி வேலை செய்யுதுன்னு கேளுங்க" என்று சொல்வது கேட்டது. பைய நடந்து வந்து ரிசீவரை எடுத்தார்.

"சொல்லுங்க சார், லீக் எந்தப் பக்கம்?"

"எங்க பக்கந்தான் சார். உங்க ஆளு அத அடச்சிட்டாரு. அவரத் தூக்கிராதீங்க."