ஒரு புள்ளி வித்தியாசம்

“எட்டுக் கோடி டாலர் சார். அந்த ஒரு சாயங்காலத்துக்கு விலை போட்டா அவ்வளவு வருதாம். விளம்பரக் கம்பெனிக்காரன் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கான். அத்தனை டி.வி.யிலயும் எங்க பேரு. காசு கொடுத்து வாங்கணும்னா கல்லூரியையே வித்தாலும் காணாது” என்றாள் மார்லீன்.

கார்வுட் கல்லூரியின் சேர்க்கை அதிகாரி அவள். எதிரே, தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வெர்னன் ஹால்ஸ்டெட். நெப்ராஸ்காவிலிருந்து காலையில் கிளம்பி, பக்கத்து மாநிலமான அயோவாவுக்குள் பாதி தூரம் காரை ஓட்டிக்கொண்டு வந்தவர். மகள் கோரா மாடிக்கு வர மறுத்துக் காரிலேயே இருந்துவிட்டாள்.

“சந்தோஷம் மேடம். என் பொண்ணு விஷயம்?”

“அங்கதான் வர்றேன். போன மார்ச் வரைக்கும் இந்தச் சோளக்காட்டுக்கு நடுவுல ஒரு காலேஜ் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? விண்ணப்பம் போட்டாலே போதும், வாசல் வரைக்கும் வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவோம். அந்தச் சாயங்காலம் கூடைப்பந்துல ஒரு பெரிய யூனிவர்சிட்டியை ஜெயிச்சோம், இப்ப விண்ணப்பம் ரெண்டு மடங்கு. விடுதியில கட்டில் மட்டும் பழைய எண்ணிக்கைதான்.”

“பந்து கூடைக்குள்ள விழறதுக்கும் படிப்புக்கும் என்ன மேடம் சம்பந்தம்?”

“அதை அந்தப் பசங்ககிட்ட கேளுங்க. எழுதி அனுப்பற கட்டுரையில பாதி அந்த ஆட்டத்தைப் பத்தித்தான்.”

எந்தக் கடையில் கூட்டம் நிற்கிறதோ அங்கேதான் சரக்கு நல்லது என்று பதினெட்டு வயது நம்புகிறது. பணம் கட்டுகிற நாற்பத்தெட்டு வயதும் அதையேதான் நம்புகிறது.

மார்லீன் கோப்பைப் புரட்டினாள். “உங்க பொண்ணு மட்டும் அதைப் பத்தி ஒரு வரி எழுதல.”

“அவளுக்கு அந்த ஆட்டம் பிடிக்காது. அவ தம்பிக்குப் பிறவியிலேயே காது கேக்காது மேடம். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கணும்னு சின்ன வயசிலேருந்து ஒரே பிடிவாதம். எங்க வசதிக்குள்ள அந்தப் பயிற்சி இங்க மட்டும்தான் இருக்கு. நீங்க காத்திருப்போர் பட்டியல்ல போட்டுட்டீங்க.”

“போன வருஷமா இருந்தா முதல் பேரே அவளோடதுதான்.” மார்லீன் பொய் சொல்லவில்லை. முகத்தில் வருத்தம் தெரிந்தது. பேச்சை மாற்ற நினைத்தவள் போல, “நீங்க அந்த ஆட்டத்தைப் பாத்தீங்களா?” என்றாள்.

“பாத்தேன். அன்னைக்கு வேலையா அந்த ஊருக்குப் போயிருந்தேன்.”

“அரங்கத்துலயே இருந்தீங்களா? பயிர் இன்ஷூரன்ஸ்காரருக்கு நல்ல யோகம் சார். சரி, நீங்களே சொல்லுங்க. கடைசி நொடியில எங்க பையனை அந்த எதிரணிக்காரன் இடிச்சானா இல்லையா?”

வெர்னன் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். “இடிக்கல. உங்க பையன் தானா விழுந்தான்.”

மார்லீன் சிரித்தாள். “நல்லவேளை என்கிட்ட சொன்னீங்க. கீழ கேன்டீன்ல சொல்லியிருந்தா காபியைப் பிடுங்கிட்டு அனுப்பிடுவாங்க. ஃபவுல்னு ஆச்சு, யாரும் தடுக்காம கூடையில போட ரெண்டு ஃப்ரீ த்ரோ கிடைச்சுது, ரெண்டையும் போட்டான், ஒரு புள்ளி பின்னால இருந்தவங்க ஒரு புள்ளியில ஜெயிச்சோம். அப்புறம் என்ன?”

பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “மிஸ்டர் ஹால்ஸ்டெட், உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு. எங்க குழுவுல ஒரு வழக்கம் உண்டு. கல்லூரிக்கு ஏதாவது செஞ்ச குடும்பம்னா, பட்டியல்லேருந்து ஒரு பேரை மேல தூக்கலாம். இங்க படிச்ச ஒரு சித்தப்பா, நூலகத்துக்குக் கொடுத்த ஒரு நாற்காலி, எதுவா இருந்தாலும் சரி. உங்க வீட்டிலேருந்து எங்களுக்கு ஏதாவது வந்திருக்கா?”

விற்கத் தெரிந்தவன் தன் சரக்கை மேசையில் எடுத்து வைக்கும் நேரம் அது. வெர்னன் வாய் திறந்தார். ஜன்னல் வழியே கீழே நின்ற காரைப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். ரொம்பச் சின்னதா இருந்தாலும்...”

“யோசிச்சுட்டேன்.”

மார்லீன் கோப்பை மூடினாள். “அப்படின்னா இந்த வருஷம் நம்பிக்கை வைக்காதீங்க.”

அவர் எழுந்து கைகுலுக்கி, நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்.

காருக்குள் கோரா அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஆனாலும் கேட்டாள். “கிடைக்கலையா?”

“கிடைக்கல.”

“காலேஜுக்கு நாம ஏதாவது செஞ்சிருக்கோமான்னு கேப்பாங்கன்னு ஸ்கூல்ல சொன்னாங்களே?”

“கேட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னுட்டேன்.”

புல்வெளியில் யாரோ பந்தைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

“ஏம்பா? அன்னைக்கு அந்த ஆட்டத்துக்கு நடுவரா நின்னு நீங்க ஃபவுல்னு விசில் ஊதலேன்னா, அவங்க ஜெயிச்சே இருக்க மாட்டாங்களே.”

வெர்னன் சாவியைத் திருகினார்.

“அந்தப் பையன் விழுந்ததைப் பாத்து ஊதிட்டேன் கோரா, எதிரணிக்காரன் தொட்டானான்னு பாக்கல. தெரியாம செஞ்ச தப்பு. அதைச் சொல்லி இன்னைக்கு ஒரு இடம் வாங்கிட்டா, விலைக்கு ஊதினவன் ஆயிடுவேன். இந்தக் காலேஜ் எனக்கு எதுவும் தர வேண்டியதில்ல. தோத்துப்போன அந்தப் பசங்களுக்குத்தான் நான் ரெண்டு புள்ளி பாக்கி.”