இரண்டு விசில்

இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்திருந்த கண்டக்டர் பொன்மாரி, தன் சிறுநீரகத்துக்குள் போகும் வழியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஆசிபாவின் கையிலிருந்த மெல்லிய குழாய்க்கு நுனியிலேயே கண் இருந்தது. அது காட்டிய இளஞ்சிவப்புச் சந்தின் மேலேயே, போகவேண்டிய பாதையும் பச்சைக் கோடாக ஓடியது. சந்து இரண்டாகப் பிரிந்தபோது கோடு இடப்பக்கம் வளைந்தது. "லெப்ட்ல ஒடிச்சு... வரலாம், வரலாம்..." பொன்மாரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நர்ஸ் சிரித்துவிட்டாள். கோட்டின் முடிவில், ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளை அழவைத்த கல், கடலைப்பருப்பு அளவில் மினுங்கியது. "ஹோல்டான்!" என்று பொன்மாரி கத்தினாள். டாக்டரின் கை நின்றது. குழாயின் நுனியில் சின்னக் கம்பிவலை ஒன்று விரிந்து, கல்லை அள்ளி மூடிக்கொண்டது.

பிறகும் கை அசையவில்லை.

"என்ன டாக்டர், நின்னுட்டீங்க?"

"நீங்கதானக்கா நிறுத்துனீங்க? விசில் குடுத்தாத்தான் வண்டி எடுப்பேன்."

பொன்மாரி சிரிப்பில் கண்ணில் கோத்த நீரைத் துடைக்கக்கூட மறந்து, நாக்கை மடித்து, இரண்டு விசில் அடித்தாள்.

குழாய் கல்லோடு மெல்லப் பின்னால் நகர்ந்தது. கீழே ஆஸ்பத்திரி ஸ்டாப்பில், டீ குடிக்க இறங்கிய தன் கண்டக்டரை விட்டுவிட்டு, டவுன் பஸ் ஒன்று கிளம்பிப் போனது.