முதல் விலை யார் சொல்வது?

"கடைசி அத்தியாயத்தை மட்டும் காட்டு தங்கச்சி. பத்தே நிமிஷம். படிச்சுட்டு ஓடிடறேன்."

மெத்தைக்கடைக்காரர் மேஜையை மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தார். ஊருக்கெல்லாம் தூக்கத்தை விற்றவர். ஒன்றரை வருடமாக அவருக்கு மட்டும் அது கையிருப்பில் இல்லை.

பதிப்பகத்தின் பிழைதிருத்தும் பெண்மணி சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "கொஞ்சம் உட்காருங்க அண்ணே. நீங்க நடக்கிற நடையில எனக்குக் கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கேன்னு தெரியமாட்டேங்குது."

"உட்கார நேரமில்லை. இன்னைக்கு அவ வீட்டைக் காலி பண்றா. வேற ஊருக்குப் போறாளாம். பன்னிரண்டு மணிக்கு லாரி வருதாம். இப்பவே பத்தரை!"

"அப்போ நேரா அங்கே போகாம இங்கே எதுக்கு வந்தீங்க?"

"என்ன கேள்வி இது? எதிராளி மனசுல என்ன விலை இருக்குன்னு தெரியாம நான் என்னைக்காவது வாயைத் திறந்திருக்கேனா? மொதல்ல விலை சொன்னவன் செத்தான்!"

'அவ' என்பது அவருடைய மனைவி. கோபித்துக்கொண்டு தனி வீடு பார்த்துப் போனவர், இந்தப் பதிப்பகத்துக்கு நாவல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் 'மறுபடியும் வாழலாம்' வகை. வாழ்க்கையில் நொறுங்கிப்போன பெண் இருநூறாவது பக்கத்துக்குள் நிமிர்ந்து நின்றுவிடுவாள். வாசகிகள் அழுதுகொண்டே சிரித்தார்கள். மெத்தைக்கடைக்காரரோ அவற்றைச் சந்தை நிலவரம் பார்ப்பதுபோல் படித்தார்.

"மொத புத்தகத்துல புருஷனைத் தலைமுழுகிட்டு பேக்கரி வெச்சா. சரி, கோபம் ஆறலைன்னு விட்டேன். ரெண்டாவதுல ஒரு மாட்டு டாக்டரைக் கட்டிக்கிட்டா. அந்த ஆள் யாருன்னு பார்க்க, இந்த ஊர் மாட்டாஸ்பத்திரி ஒண்ணு விடாம ஏறி இறங்கினேன்."

"மாடே இல்லாமலா?"

"இரவல் வாங்கி ஓட்டிக்கிட்டுப் போனேன்."

"ஆள் சிக்கினாரா?"

"மொத்தம் மூணு டாக்டர். ரெண்டு பேர் பேரன் எடுத்தாச்சு. மூணாவது ஒரு பொம்பளை."

பெண்மணி சிரிப்பைத் தாளுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "அப்படி என்னதான் அண்ணே சொன்னீங்க, அவங்க வீட்டை விட்டே போற அளவுக்கு?"

நடை நின்றது.

"மொத மொதல்ல ஒரு கதை எழுதி, கடைக்கே எடுத்துட்டு வந்து காட்டினா. அன்னைக்கு நல்ல கூட்டம். வியாபார வாய் சும்மா இருக்குமா? 'இதை எடைக்குப் போட்டா எவ்வளவு தேறும்'னு கேட்டுட்டேன். கடையே சிரிச்சுது. அவ மட்டும் சிரிக்கலை."

"மன்னிப்புக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டு, அவ முடியாதுன்னுட்டா? அதுக்கு மேல என்னத்தைப் பேசுறது? கதவை மூடிட்டா மூடினதுதான். அதனாலதான் கேக்கறேன், இந்தப் புத்தகத்துல புருஷனைச் சேர்த்துக்கிறாளா இல்லையா? சேர்த்துக்கிறான்னா இப்பவே போய் லாரி முன்னாடி படுத்துக்கறேன். இல்லைன்னா மரியாதையாக் கடைக்குப் போயிடறேன்."

பெண்மணி யோசித்தார். இழுப்பறையைத் திறந்து சில தாள்களை எடுத்து நீட்டினார். "கடைசிக்கு முந்தின அத்தியாயம். இதோட சரி."

நின்றபடி படிக்க ஆரம்பித்தவர், இரண்டாம் பக்கத்தில் தானாகவே உட்கார்ந்துவிட்டார்.

"தெருமுனையில வண்டியை நிறுத்தறான்... ஜன்னலையே பார்த்துக்கிட்டு நிக்கறான்... உள்ளே விளக்கு எரிஞ்சதும் திரும்பிப் போயிடறான். தங்கச்சி, இது நான்தான்! தெனம் சாயங்காலம் நான் போய் நிக்கிறது இவளுக்கு எப்படித் தெரியும்?"

"பத்து வருஷம் உங்க கடையில உட்கார்ந்தவங்க. உள்ளே வராம வாசலையே சுத்துற ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியாதா?"

அவர் சட்டென்று எழுந்தார். தாள்களை மேஜையில் வைத்துவிட்டு இழுப்பறையின் மேல் உள்ளங்கையை ஊன்றினார்.

"அடுத்ததைக் காட்டு. ஒரு பக்கம் போதும்."

"முடியாது."

"அரைப் பக்கம்."

"அண்ணே!"

"கடைசி வரி. சரி, படிச்சுக்கூடக் காட்ட வேண்டாம். நான் கேக்கறேன், நீ தலையை மட்டும் ஆட்டு."

"என் தலை ஆடாது."

சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது. அவர் அதைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடியும் அதையே பார்த்தார். விலை படியாமல் எழுந்து போகும் ஆள்போல் வாசல் வரை போனார். யாரும் கூப்பிடாததால் அவரே திரும்பி வந்தார்.

பெண்மணிக்கு மனசு இளகிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அதுவும் சத்தியமான வார்த்தை. கதவைத் தட்டாத புருஷனைப் பத்தி கடைசி அத்தியாயத்துல ஒரு வரிகூடக் கிடையாது."

"அப்போ... தட்டினவனைப் பத்தி?"

"வழியெல்லாம் நெரிசல் அண்ணே. இப்பவே கிளம்பினாத்தான் உண்டு."

அவர் நிமிர்ந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆயிரம் பேரிடம் பேசி ஜெயித்த வாய் இப்போது தந்தி அடித்தது. "என்னன்னு ஆரம்பிக்கட்டும்?"

"உங்களுக்கே தெரியும்."

"நான் அன்னைக்குப் பேசினது தப்பு... அப்படின்னா?"

"இதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? அங்கே போய்ச் சொல்லுங்க!"

மெத்தைக்கடைக்காரர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். கீழே வண்டி கிளம்பிச் சீறிப் பாய்ந்தது.

பெண்மணி ஜன்னல் வழியே அதை உறுதிசெய்துகொண்டு தொலைபேசியை எடுத்தார்.

"அக்கா, அவர் புறப்பட்டாச்சு. அவர் வாயைத் திறக்கிற வரைக்கும் நீங்க திறந்துடாதீங்க." பிறகு குரலைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டார். "இன்னைக்காவது அந்தக் கடைசி அத்தியாயத்தை எழுதி அனுப்புங்க. வெறும் தலைப்பை மட்டும் வெச்சுக்கிட்டு, அச்சுக்கூடத்துக்கு நான் இன்னும் எத்தனை நாள் சாக்கு சொல்றது?"