மாலைக் கட்டணம்

படியேறும்போதே செல்போனில் மின்பயன்பாட்டு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அப்பாவிடம்தான் முதலில் காட்ட வேண்டும்.

மின்கட்டணம் நிர்ணயிக்கும் அலுவலகத்தில் அவள் அதிகாரி. வெயில் இருக்கும்வரை சூரிய மின்சாரம் மலிவு. பொழுது சாய்ந்தால் ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் சுவிட்சைத் தட்டும். அப்போது வெளியில் வாங்கப் போனால் யானை விலை, குதிரை விலை சொல்வார்கள்.

அந்தச் செலவை எல்லார் தலையிலும் எல்லா நேரமும் கட்டுவதா, மாலைக்கு மட்டும் இரட்டைக் கட்டணம் வைப்பதா? மல்லுக்கட்டி இரண்டாவதைச் சாதித்தவள் அவள்தான்.

டிவியிலும் வந்து பேசினாள். மாலையில் விளக்கும் விசிறியும் போதும், மற்றதையெல்லாம் பத்து மணிக்கு மேல் தள்ளிப்போடலாம் என்றாள். அக்கம்பக்கத்தாரைக் கூட்டிவைத்து அப்பா அதைப் பார்த்தார்.

ஊர் அவளைக் கரித்துக் கொட்டியது. முதலில் உன் வீட்டு மீட்டரைக் காட்டு என்று ஒருவன் எழுதியிருந்தான். அவள் அதை அன்றே மறந்துவிட்டாள்.

திட்டத்தின் முதல் கணக்கு இன்று வந்தது. மாலை நேரத்துக் கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. சிரிப்புக்கும் கட்டணம் உண்டு என்பதுபோல இருக்கும் மேலதிகாரிகூடச் சிரித்து, சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார். திட்டம் தொடங்கியதிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததே இல்லை.

அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விளக்குகூடப் போடவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. விசிறியாவது போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கடிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தைக் காட்டினாள்.

அவர் அந்தப் பள்ளத்தை விரலால் தடவினார். இனி எவனும் வாய் திறக்க மாட்டான் என்றார். அதைச் சொல்லி முடிக்க மூன்று முறை நிறுத்த வேண்டியிருந்தது.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே என்னவோ உறுத்தியது. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கக் கூடாது.

கட்டில் பக்கம் திரும்பினாள். ஆக்சிஜன் மிஷின்மேல் துவைத்த துண்டு ஒன்று போர்த்தியிருந்தது. குழாய் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பிளக் தரையில் கிடந்தது.

பாய்ந்து எழுந்தவளின் கையை அப்பா பிடித்தார். பிடியில் பலமே இல்லை. நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

மீட்டரைக் காட்டச் சொன்னானே ஒருவன், அவனிடம் தலைநிமிர்ந்து காட்டலாம் என்றார். பயத்தில் அவளுக்கு அழுகை முட்டியது. அவர் குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னார்.

"பத்து மணிக்கு மேல போட்டுக்கறேம்மா. தினமும் அப்படித்தானே போட்டுக்கறேன். மத்ததெல்லாம் தள்ளிப்போடலாம்னு நீதானே சொன்ன."