விடாத அழைப்பு

"மூச்சு நிதானத்துக்கு வந்ததும், மனசுல எது வந்தாலும் அதுக்குள்ள என்னதான் இருக்குன்னு பாருங்க," என்றார் பிக்கு.

கணக்காளருக்கு எங்கே மூச்சு நிதானப்பட? தியானக் கூடத்துக்குள் போன் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், முந்தின நாளே அதைக் கோட்டின் உள்பாக்கெட்டில் ஒளித்துவைத்திருந்தார். இப்போது நெஞ்சோரம் 'விர்ர்' என்றது. மேனேஜர்தான்! லீவு நாளில்கூட நிம்மதியாக விடமாட்டான். எடுத்துப் பார்த்தால் பிக்கு கண்டுபிடித்துவிடுவார். மறுபடி 'விர்ர்'. கண்ணை மூடியபடியே மேனேஜரை நார் நாராகக் கிழித்துப் போட்டார். மனசுக்குள் ராஜினாமாவும் எழுதி முடித்தார்.

இடைவேளை விட்டதும், வராந்தாவில் நின்ற மனைவியிடம் பாய்ந்தார்.

"கிளம்பு, போகலாம். அந்தாளு விடாம போன் பண்றான். இன்னைக்கே வேலையை விட்டுடப் போறேன்!"

"எந்தப் போன்ல?"

"ஏன், இதுலதான்," என்று கோட்டுக்குள் கைவிட்டவர் திருதிருவென்று விழித்தார். கையில் வந்தது மூக்குக்கண்ணாடிக் கூடு.

"உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா? காலையிலயே போனை எடுத்துட்டு இதை வச்சுட்டேன். அது வீட்டு அலமாரியில தூங்குது."

"அப்போ இவ்வளவு நேரம் அதிர்ந்தது?"

"அதை என்னைக் கேட்டா?"

மணி அடித்தது. உள்ளே போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கூடு மறுபடி 'விர்ர்' என்றது.

யார் கூப்பிடுவது என்று இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தார்.

ஒருவரும் இல்லை. மேனேஜர்கூட இல்லை.