கிடா வாசம்

கொட்டகைக் கூரையின் ஓட்டை வழியே காசளவு வெயில் ஆட்டின் முதுகில் கிடக்கிறது. இரண்டு முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. இந்த முறையும் தவறினால் கறிக்கடைதான் என்கிறான் கொழுந்தன். அண்ணி ஆட்டின் கழுத்தை அணைத்து நிற்கிறாள். ஊசி போட வந்தவர் விந்துக் குழலை இன்னும் வெளியே எடுக்கவில்லை. கிடாவின் கொம்படியில் தேய்த்த துணியை டப்பாவிலிருந்து எடுத்து ஆட்டின் மூக்கருகே பிடிக்கிறார். "குடலைப் புரட்டுது!" என்று கொழுந்தன் மூக்கைப் பொத்துகிறான். "உங்க அண்ணன் சட்டைக்கு இது தேவலை தம்பி," என்கிறாள் அண்ணி. ஆட்டின் வால் ஆடவில்லை. "பருவத்துக்கு வந்திருந்தா இந்த வாசத்துக்கு வால் துடிக்கும். முன்னாடி ரெண்டு தடவையும் துடிச்சுதா?" என்கிறார் வந்தவர். "யாரு பாத்தா? எனக்கு லீவு கிடைச்ச அன்னைக்குக் கூப்பிட்டோம்," என்கிறான் கொழுந்தன். "லீவு உங்களுக்குத்தானே, ஆட்டுக்கா?" அவர் பையை மூடுகிறார். அண்ணி துணியை வாங்கி ஆட்டின் முன்னால் கட்டிவிட்டு, பின்னால் போய் வாலுக்கு நேரே உட்காருகிறாள்.