நோரீனின் கல்யாணக் கவுன்

கத்தரிக்கோலை எடுத்து, தன் கல்யாணக் கவுனின் இரண்டு கைகளையும் தோளோடு வெட்டிக் கீழே போட்டாள் நோரீன்.

அழவில்லை. வாய் நிறையக் குண்டூசி.

தேவாலயக் கூடத்தின் பின்னறைதான் அந்த ஊர் இசைநாடகக் குழுவின் உடையறை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் ஷெரில். குழுவின் கதாநாயகி, இயக்குநர் டெரெக்கின் இரண்டாவது மனைவி. முதல் மனைவி நோரீன்.

கவுனைப் பார்த்ததும் ஷெரில் மூக்கைச் சுளித்தாள்.

"ஓட்டல் திரைச்சீலையைக் கிழிச்சுப் பட்டாளத்துக்கு உடுப்பு. மெத்தை உறையில கோரஸுக்குப் பாவாடை. கடைசி சீன் கவுனாவது லீட்ஸ்லேருந்து வாடகைக்கு வரும்னு பார்த்தா, இதுவா? உன் பழசை நான் போடணுமா?"

நோரீன் குண்டூசிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். "என் பழசு ஒண்ணை ஏற்கெனவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனியே கண்ணு, அப்ப கூச்சப்படலையே?"

ஷெரிலின் காது சிவந்தது. "இன்னும் வயிறு எரியுதா? காலையில டெரெக் இங்க வந்தாராமே. டீ போட்டுக் குடுத்து மயக்கப் பார்த்தியா?"

"அவனுக்கு டீ போடறது இப்ப உன் தலையெழுத்து. உடுப்பு விஷயமா வந்தான், சொன்னான், போனான்."

"சரி, குடு. போட்டுப் பார்க்கறேன்."

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"என்னை வேற கூப்பிடணுமா?"

கவுனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். இடுப்பில் ஜிப் நின்றுவிட்டது. மூச்சை இழுத்தாள், வயிற்றை எக்கினாள், முகம் பீட்ரூட்டானது. எங்கோ ஒரு தையல் பட்டென்று விட்டது.

"வேணும்னே இடுப்பைப் பிடிச்சிருக்க! ஊரே பார்க்க நான் மேடையில நெளியணும், நீ ஓரமா நின்னு சிரிக்கணும். அதானே உன் ஆசை?"

நோரீன் நிதானமாக ஊசியில் நூல் கோத்தாள். அது ஷெரிலை இன்னும் கிளப்பிவிட்டது.

"டெரெக்கிட்ட சொல்லி இன்னிக்கே உன்னை வெளியே தள்ளறேன் பாரு!" கவுனை உருவிச் சுருட்டித் தரையில் எறிந்தாள். "இந்தக் குப்பையைக் கொண்டுபோய், கோரஸ்ல நின்னு கீச்சு கீச்சுனு கத்துதே அந்தப் பிப்பா, அந்த ஒல்லிக்குச்சிக்கு மாட்டிவிடு!"

நோரீன் குனிந்து கவுனை எடுத்தாள். தூசியைத் தட்டினாள். விட்டுப்போன தையலை விரலால் நீவிப் பார்த்தாள். பிறகுதான் ஷெரிலை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவளுக்குத்தான்மா தைக்கிறேன். இனிமே அவதான் கதாநாயகியாம். 'அளவெடுக்க அவளை வரச்சொல்லு'ன்னேன். 'எதுக்கு?'ன்னு கேட்டுட்டு, டெரெக் அவ மார்பு, இடுப்பு அளவெல்லாம் மனப்பாடமா ஒப்பிச்சான்."